அக்கா மோட்டார்

அதை அமுக்காதீங்க அண்ணாச்சி. ஆமா, அதைத்தான் சொல்லுதேன். ‘இப்போதே புதுப்பிக்கவா’ன்னு உங்க போன்ல கேக்குல்லா, அதை. கோவிச்சுக்கிடாதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்கது தப்புதான். ஆனா நீங்க பெருவிரலைக் கொண்டுபோன வேகத்தைப் பாத்ததும் என்னால வாயை மூடிட்டு இருக்க முடியல. ‘பிறகு’ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க. வீட்டுக்குப் போய், அந்த அப்டேட்ல என்னென்ன மாத்தியிருக்கான்னு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போடுங்க.

நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நான் கோவில்பட்டில இறங்கிருவேன். மெட்ராஸ்ல இருந்து வாரேன். ராத்திரி ட்ரெயின்ல மதுரை வரைக்கும்தான் டிக்கெட் கிடைச்சுது, அதான் காலைல இந்த பஸ்ஸு.

அப்டேட்டைப் பத்தி என்னை விடத் தெரிஞ்சவன் இந்த பஸ்ஸுல இருக்க மாட்டான், பாத்துக்கிடுங்க. என் வேலையே அதுதான். கம்ப்யூட்டர் வேலைன்னா உக்காந்து புரோகிராம் எழுதுவான்னு நினைப்பாங்க. நான் எழுதல. சிறுசேரில ஒரு கம்பெனி. பெரிய ஹாலு, சுவரு பூரா திரை. எவனெவனோ வச்சிருக்க சர்வரெல்லாம் அதுல வரிசையா தெரியும். பேங்குக்காரன், ஆஸ்பத்திரிக்காரன், ஜவுளிக்கடைக்காரன், எல்லாரோடதும். ஓடிட்டு இருந்தா பச்சை. நின்னுட்டா சிவப்பு. சிவப்பு வந்தா அவனுக்குப் போனைப் போட்டு, ‘சார், உங்க மிஷின் நின்னுட்டு’ன்னு சொல்லணும். அம்புட்டுதான். ரிப்பேர் பாக்கதுக்கு வேற ஆளு. நாங்க, அது இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்க ஆளு.

அப்படிப் பாக்கதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்குல்லா, அதுக்கும் அப்டேட் வரும். அதைப் போடுதது என் பொறுப்பு. இத்தனை வருசத்துல நான் போட்ட அப்டேட்ல ஒரு குறை வந்ததில்ல. எல்லாம் முறைப்படி செய்வேன். நான் முறை தவறுனவன்னு ஒருத்தன் சொல்லட்டும்.

எங்க அக்காதான் சொல்லுவா. ‘ஏல தவராசு, பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்கும்போதும் முறை கேட்டவன்லா நீ’ன்னு.

அக்கா பேரு சண்முகக்கனி. கோவில்பட்டில பி.டி. டீச்சரு. நீங்க அந்தப் பக்கம் போக வர உள்ள ஆளுன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. விசிலை ஊதிட்டு கிரவுண்டுல நின்னாள்னா, ரோட்டுல போற லாரிக்காரனே பிரேக்கைப் போடுவான். கல்யாணம் பண்ணிக்கிடல. ஏன்னு கேக்காதீங்க, அது பெரிய கதை. எங்க அம்மா போனப்புறம் என்னை வளத்ததே அவதான். ரிட்டையர்டு ஆகியும் அதே வீட்டுல தனியா இருந்தா. மெட்ராஸுக்கு வான்னா வர மாட்டா. ‘உன் வீட்டுல நடக்கவே இடமில்ல, நான் எங்கன ஓட?’ன்னு கேப்பா.

அவட்ட ஒரு பழக்கம். காலைல எனக்குப் போன் பண்ணுவா. நான் ஷிஃப்ட் மாறுத நேரமாப் பாத்துப் பண்ணுவா. என்ன விசயம்னா ஒரு விசயமும் இருக்காது. எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டுட்டு, தெருவுல சாக்கடைக்குத் தோண்டிப் போட்டு மூடாமப் போயிட்டான், முருங்கைக்காய் விலை, இதெல்லாம். ‘அக்கா, வேலை இருக்கு, வை’ன்னா, ‘சரி வைக்கேன், நீ நல்லா இருக்கல்லா?’ம்பா. அதுக்கப்புறமும் வைக்க மாட்டா. எனக்கு அந்தப் பக்கம் ஆளுங்க காத்துட்டு நிப்பாங்க. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

எனக்கும் அவ எப்படி இருக்கான்னு தெரியணும்தான். இல்லன்னு சொல்லல. அறுபது தாண்டின மனுசி, தனியா இருக்கா. ஆனா அதுக்கு அம்புட்டு நேரம் பூனைக்கதை கேக்கணுமா? அப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. நல்ல யோசனை அண்ணாச்சி, இப்பமும் சொல்லுதேன், யோசனையில ஒரு குத்தமும் இல்ல.

அக்கா காலைல எந்திரிச்சதும் மோட்டார் போடுவா. போர் தண்ணி மேல தொட்டிக்கு ஏறணும்லா. மழையோ வெயிலோ, அது தவறாது. ஊருக்குப் போனப்ப, அந்த மோட்டார் சுவிட்சுல ஒரு சின்ன டப்பாவை மாட்டினேன். கரண்டு ஓடுனா அந்த டப்பா இன்டர்நெட் வழியா எங்க திரைக்குச் சொல்லிரும். மோட்டார் போட்டா பச்சை. காலைல ஒன்பது மணி வரைக்கும் போடலன்னா சிவப்பு, என் போனுக்கும் மெசேஜ் வந்துரும். பேங்குக்காரன் சர்வருக்குக் கீழ, ஒரு ஓரத்துல, ‘அக்கா மோட்டார்’னு பேரு போட்டு வச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா ரெண்டு பேரு, எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்கன்னு கேட்டாங்க.

அக்காகிட்ட விளக்கமா சொன்னேன். ‘இனிமே நீ காலைல போன் பண்ண வேண்டாம்க்கா, நீ நல்லா இருக்கன்னு எனக்குத் தானா தெரிஞ்சிரும்’னேன். அவ டப்பாவையே பாத்துட்டு இருந்தா. ‘அப்ப நான் நல்லா இல்லன்னா?’ன்னா. ‘அப்ப நான் உனக்குப் போன் பண்ணுவேன்’னேன்.

இதைச் சொன்னதுதான் வினையாப் போச்சு.

கொஞ்ச நாள் ஒழுங்காப் போச்சு. அவ போன் பண்ணுதது நின்னுட்டு. எனக்கும் நிம்மதி. வேலைக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல அந்த ஓரத்தைப் பாப்பேன். பச்சை. சரி, அக்கா நல்லா இருக்கா. வீட்டுக்காரி, ‘உங்க அக்காட்ட பேசி எம்புட்டு நாளாச்சு?’ன்னு கேப்பா. ‘தினமும் பாத்துட்டுத்தான இருக்கேன்’ம்பேன். பாத்துட்டுத்தான இருந்தேன்.

ஒரு நாள் சிவப்பு வந்துட்டு. மீட்டிங்கைப் பாதியில விட்டுட்டு வெளிய ஓடிப்போய்ப் போனைப் போட்டேன். முதல் மணிலேயே எடுத்தா. ‘ஏல, வந்துட்டியா!’ன்னு சிரிக்கா. ‘என்னக்கா ஆச்சு, மோட்டார் ஏன் போடல?’ன்னா, ‘தொட்டில தண்ணி கிடந்துது, அதான் போடல. சரி, சாப்பிட்டியா?’ன்னு ஆரம்பிச்சு, எதிர்வீட்டுப் பூனைல வந்து நின்னுட்டா.

அடுத்த வாரமும் சிவப்பு. அதுக்கடுத்த வாரம் ரெண்டு நாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். மறந்துட்டேன், கரண்டு இல்ல, கை வலி. எனக்குப் புரிஞ்சு போச்சு. அவ வேணும்னே போடாம இருக்கா. போடலன்னா நான் கூப்பிடுதேன்லா, அதைக் கண்டுபிடிச்சிட்டா. பி.டி. டீச்சர் புத்தி அண்ணாச்சி, ஓடுத பயலை எப்படி நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும்.

எங்க வேலைல இதைப் பொய் அலாரம்பாங்க. இதை விட மோசமானது ஒண்ணு கிடையாது. பொய் அலாரம் அடிச்சிக்கிட்டே இருந்தா, நிச அலாரம் அடிக்கும்போது ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். இதைத்தான் புதுசா வேலைக்கு வாரவங்களுக்கு முதல் நாளு சொல்லிக் குடுக்கேன். அதையே அக்காகிட்டயும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். ‘இது விளையாட்டுச் சாமான் இல்லக்கா. நீ இப்படி விளையாடுனா நான் எதை நம்ப? இனிமே இப்படிச் செய்யாத’ன்னேன். அவ ‘சரிடே’ன்னு வச்சிட்டா. அவளா வச்சது அன்னைக்குத்தான்.

அதுதான் அவகிட்ட நான் கடைசியாப் பேசுனது.

இருங்க, இப்பதான் அப்டேட் வருது. அந்த வாரம்தான் புது வெர்ஷன் வந்துச்சு. பெரிய அப்டேட். அப்டேட் போடும்போது அந்த சாஃப்ட்வேர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடும். தெறந்ததும் எல்லாம் நின்ன மாதிரி தெரியும், ஊரெல்லாம் மெசேஜ் பறந்துரும். அதனால முதல்ல எல்லாத்தையும் ‘மெயின்டனன்ஸ்’னு போட்டு வைக்கணும். இப்ப வேலை நடக்கு, எது நின்னாலும் யாரையும் கூப்பிடாதன்னு அதுக்கு அர்த்தம். வேலை முடிஞ்சதும் ஒவ்வொண்ணா எடுத்து விடணும். இது முறை. நான் முறைப்படிதான் செஞ்சேன். பேங்கு, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் போட்டேன், அப்டேட்டை ஏத்துனேன், எல்லாத்தையும் திரும்ப எடுத்து விட்டேன்.

அக்காவோடத எடுக்கல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாளு கிடக்கட்டுமேன்னு விட்டேன். அவ விளையாட்டு கொஞ்சம் அடங்கட்டும்னுதான். அதுல என்ன தப்பு இருக்கு? பழைய வெர்ஷன்ல மெயின்டனன்ஸ்னு போட்டா, ரெண்டு நாள் தாண்டினதும் அதுவாவே எடுத்து விட்டுரும். அதுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருசமா அப்படித்தான இருந்துச்சு! புது வெர்ஷன்ல அதை மாத்திட்டானாம். நாமளா எடுக்குத வரைக்கும் அப்படியே கிடக்குமாம். எங்கேயோ நாலு பக்கம் தாண்டி எழுதி வச்சிருக்கானாம். யாரு படிக்கா, சொல்லுங்க.

அது போகட்டும். கேளுங்க இதை. பழைய வெர்ஷன்ல மெயின்டனன்ஸ்ல இருந்தா சாம்பல் கலருல தெரியும். பாத்ததும் தெரிஞ்சிரும், சரி, இதை எடுக்கலைன்னு. புது வெர்ஷன்ல அதுக்கும் பச்சை, அண்ணாச்சி! அதே பச்சை. மூலைல மட்டும் சின்னதா ஒரு ஸ்பானர் படம், கடுகு சைசுல. யாருக்குத் தெரியும் அது? நான் தினமும் பாத்தேன். சத்தியமா தினமும் பாத்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு. ‘பரவால்ல, அக்காவுக்கு சொன்னது உறைச்சிருக்கு, ஒழுங்கா மோட்டார் போடுதா’ன்னு நினைச்சேன். மனசுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

இந்தா, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன். நீங்க குடிக்கீங்களா? வேண்டாமா, சரி.

பக்கத்து வீட்டுல ஜெபமணி மதினின்னு இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரம் பூரா அக்கா மோட்டாரே போடலையாம். முதல் நாளு, ‘இன்னைக்கு தம்பி கூப்பிடுவான்’னு போனை இடுப்புல சொருகிட்டு வாசல்ல உக்காந்திருந்தாளாம். கூப்பிடல. மறுநாளும் போடல. தொட்டில தண்ணி தீந்து போச்சு. மதினி வீட்டுப் பின்னால ஒரு குழாய் உண்டு, அதுல போய் வாளில பிடிச்சிட்டு வருவாளாம். மதினி கேட்டிருக்காங்க, ‘ஏன் டீச்சர், மோட்டார் ரிப்பேரா? ஆளை வரச் சொல்லட்டா?’ன்னு. ‘மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, நல்லா ஓடும். அவன் கூப்பிடட்டும்னு பாக்கேன்’னு சொன்னாளாம். ‘அப்ப நீங்களே ஒரு போனைப் போடுங்களேன்’னதுக்கு, ‘அவனுக்கு வேலை இருக்கும், ஏசுவான்’னுட்டாளாம்.

பாத்தீங்களா! நான் ஏசுவேனாம். நான் எப்ப ஏசுனேன்? ஒரே ஒரு தடவை, அதுவும் அவ நல்லதுக்குச் சொன்னேன். அதை மனசுல வச்சிக்கிட்டு, மோட்டாரையும் போடாம, போனையும் போடாம, அந்த வயசுல வாளி வாளியாத் தண்ணி சுமந்திருக்கா. அவ மட்டும் நான் சொன்னபடி ஒழுங்கா மோட்டாரைப் போட்டிருந்தா... சரி, விடுங்க. போனவளைக் குறை சொல்லி என்ன செய்ய.

மதினி தூத்துக்குடில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. பின்வாசல் கேட்டை மட்டும் தெறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க, டீச்சர் தண்ணி பிடிக்கட்டும்னு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு படி உண்டு. அதுல வழுக்கியிருக்கு. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. போன் வீட்டுக்குள்ள, வாசல் பக்கம் நாற்காலில. அங்கன கூப்பிட்டா கேக்கதுக்கு ஆளில்ல. விசிலடிச்சா லாரி நிக்கும் அண்ணாச்சி, அந்த மனுசி கூப்பிட்டு ஒருத்தருக்கும் கேக்கல. மதினி திரும்பி வந்து பாக்கும்போது உசுரு இருந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழில போயிட்டா. டாக்டர் என்கிட்ட சொன்னாரு, இடுப்பெலும்பு உடைஞ்சா ஆளு சாகாது, நாள் கணக்கா வெயில்ல தண்ணியில்லாமக் கிடந்ததுதான்னு. விழுந்த அன்னைக்கே ஒரு ஆளு வந்து பாத்திருந்தா போதும்னாரு.

மதினி எனக்குப் போன் பண்ணும்போது நான் அந்தத் திரை முன்னாலதான் நின்னுட்டு இருந்தேன். அவங்க அந்தப் பக்கம் அழுதாங்க. நான் திரையைப் பாத்தேன். ‘இல்ல மதினி, பச்சையாத்தான இருக்கு’ன்னு சொன்னேன். நான் அப்படித்தான் சொன்னேன், பாத்துக்கிடுங்க. ‘நல்லாப் பாருங்க மதினி, வேற யாராவதா இருக்கும்’னேன்.

காரியமெல்லாம் முடிச்சிட்டு வந்து அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனுக்கு எழுதினேன். விட்டிருவேனா? பச்சை காட்டி ஏமாத்திட்டீங்களே, ஒரு உசுரு போச்சேன்னு, படமெல்லாம் எடுத்து, ஸ்பானரை வட்டம் போட்டுக் காட்டி எழுதினேன். பதில் வந்துச்சு. ரொம்ப மரியாதையா எழுதியிருந்தான். ஆழ்ந்த வருத்தமாம். ஆனா இது கோளாறு இல்லையாம். இப்படி வேலை செய்யணும்னுதான் செஞ்சிருக்காங்களாம். அதோட விசயம் முடிஞ்சதுன்னு மூடிட்டான். அதுலயும் கடைசில ஒரு கேள்வி, ‘எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?’ன்னு. சவத்துக்குப் பொறந்த பயலுவ.

அந்த மாசம் முடிஞ்சதும் வழக்கம்போல ரிப்போர்ட்டு வந்துச்சு. எது எது எம்புட்டு நேரம் நிக்காம ஓடுச்சுன்னு. மெயின்டனன்ஸ்ல இருந்த நேரத்தைக் கழிச்சிட்டுத்தான் கணக்குப் போடும். பேங்குக்காரன் சர்வர்கூட கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. அந்தக் கடைசி வாரத்துல அக்கா மோட்டார் நூத்துக்கு நூறு. நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன். என்னை வளத்தவ அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல பெயிலாகி வந்தப்ப அடிக்காம, மிதிச்சு ஓட்டுன்னு சைக்கிளைத் தந்தவ. அவளை எனக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?

ம்? இல்ல, மனசு ஒண்ணும் ஆறல. அதான் ஊருக்கு வாரேன். தெருவுல சண்டை.

அக்கா போனப்புறம் வீட்டுச் சாவியை மதினிகிட்டதான் குடுத்தேன். தினமும் காலைல மோட்டாரை மட்டும் போட்டு விடுங்கன்னு சொல்லியிருந்தேன். போடாமக் கிடந்தா மோட்டார் மக்கர் பண்ணிரும்லா, அதுக்காகத்தான். அவங்களும் போட்டாங்க. மெயின்டனன்ஸெல்லாம் எடுத்து விட்டுட்டேன், இப்ப ஒழுங்கா வேலை செய்யுது. காலைல எந்திரிச்சதும் போனைப் பாப்பேன். பச்சை வந்துரும். அதைப் பாத்துட்டுத்தான் பல் விளக்கவே போவேன்.

ஆனா வீட்டுல தண்ணி செலவழிக்க ஆளில்லையே. தொட்டி நிறைஞ்சு தினமும் தெருவுல வழியுதாம். நம்ம ஊருல தண்ணிக்கு என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும். பொம்பளையாளுங்க எல்லாம் வாசல்ல வந்து, ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு மோட்டார்னு சத்தம் போட்டிருக்காங்க. நேத்து மதினி போன் பண்ணி, ‘தம்பி, டீச்சர் ஒரு வாளி தண்ணிக்கு நடந்து செத்தாங்க, அந்த வீட்டுத் தண்ணி ரோட்டுல ஓடுது. எனக்கு அந்த சுவிட்சைத் தொட மனசு வரல. நாளைல இருந்து போட மாட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க’ன்னு சொல்லிட்டாங்க.

நீங்க சொல்லுததும் சரிதான். டப்பாவைக் கழட்டிட்டா முடிஞ்சுது. அதுக்குத்தான் போறேன், ஸ்க்ரூடிரைவரும் பையில இருக்கு. வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா. மதுரைல இறங்குத வரைக்கும் நானும் அந்த நினைப்புலதான் இருந்தேன்.

ஆனா கழட்டுனாலும் சரி, மதினி போடாம விட்டாலும் சரி, இன்னும் கொஞ்ச நேரத்துல ஒன்பது மணி ஆனதும் அது சிவப்பாயிரும். ‘அக்கா மோட்டார், பதில் இல்லை’ன்னு எனக்கு மெசேஜ் வரும். அது வந்தா நான் கூப்பிடுவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.

வந்துச்சுன்னா நான் யாரை அண்ணாச்சி கூப்பிட?